ஈயத்தின் தடம் தேடிய அம்மையார்



தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நேயர்கள், அரசாங்க இலாகாவிலிருந்து வரும் சோதனை அதிகாரியைப் பார்த்திருப்பீர்கள். இயந்திரங்களுக்குத் தடுப்பு இருக்கிறதா, காற்றில் தூசி மிகுந்திருக்கிறதா, நச்சுப் பொருள்களைக் கையாள்வோர் தக்க பாதுகாப்புடன் இருக்கிறார்களா என்று அவர் கவனிக்கிறார், குறிப்பெடுக்கிறார், சென்று விடுகிறார். தொழிற்சாலையின் கதவைத் தட்டி உள்ளே நுழையும் அதிகாரம் அவருக்குச் சட்டத்தால் வந்தது. அந்தச் சட்டம் எதனால் வந்தது? அதற்கு முன்னால் யாரோ சிலர், எந்த அதிகாரமும் இல்லாமல் அந்தக் கதவைத் தட்டியதனால் வந்தது. அப்படித் தட்டியவர்களில் ஒருவரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். அவர் பெயர் டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன். அமெரிக்க நாட்டவர்.

தொழிலால் நோய் வரும் என்பது புதிய செய்தியன்று. இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700ஆம் ஆண்டிலேயே தொழிலாளர் நோய்களைப் பற்றித் தனி நூல் எழுதினார். நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு, "நீ என்ன தொழில் செய்கிறாய்?" என்ற கேள்வியையும் மருத்துவர் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். பிரிட்டனில் 1833ஆம் ஆண்டுச் சட்டம் நான்கு தொழிற்சாலைச் சோதனை அதிகாரிகளை நியமிக்க வழி செய்தது. 1895இல் ஈய நச்சு நோயைக் கண்ட மருத்துவர் அதை அரசாங்கத்துக்கு அறிவித்தாக வேண்டும் என்ற விதி அங்கே வந்தது. 1898இல் தாமஸ் லெக் என்பவர் தொழிற்சாலைகளின் முதல் மருத்துவச் சோதனை அதிகாரியாக நியமனம் பெற்றார். ஜெர்மனியோ 1880ஆம் ஆண்டுகளிலேயே தொழிலாளர்களுக்கு நோய்க் காப்புறுதியும் விபத்துக் காப்புறுதியும் ஏற்படுத்தி விட்டது.

ஆனால், ஆலைகளின் எண்ணிக்கையிலும் உற்பத்தியிலும் இந்த நாடுகளையெல்லாம் மிஞ்சிக்கொண்டிருந்த அமெரிக்காவில் நிலைமை என்ன? 1900ஆம் ஆண்டையொட்டி, அங்கே எத்தனை பேர் தொழிலால் நோயுற்றார்கள் என்ற கணக்கே இல்லை. கணக்கு இல்லை என்பதால் நோயும் இல்லை என்று சொல்லிக்கொண்டார்கள். "எங்கள் ஆலைகள் நவீனமானவை; எங்கள் தொழிலாளர்கள் நன்றாகச் சம்பாதித்து நன்றாக உண்கிறவர்கள்; ஐரோப்பாவின் தொழில் நோய்கள் இங்கே வரமாட்டா" என்பது படித்தவர்களும் நம்பிய ஒரு கருத்து.

ஆலிஸ் ஹாமில்டன் 1869இல் பிறந்தார். இண்டியானா மாநிலத்திலுள்ள போர்ட் வெய்ன் என்னும் ஊரில் வசதியான குடும்பத்தில் வளர்ந்தார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பயின்று 1893இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பிறகு ஜெர்மனி சென்று நுண்ணுயிர் ஆய்வில் பயிற்சி பெற்றார். 1897இல் சிகாகோ நகரின் பெண்கள் மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஆசிரியையாகச் சேர்ந்தார்.

சிகாகோவில் அவர் தங்கியதுதான் அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது. ஜேன் ஆடம்ஸ் என்னும் சமூக ஊழியர் ஏழைகள் வாழும் பகுதியில் நடத்தி வந்த ஹல் ஹவுஸ் என்னும் இல்லத்தில் அவர் குடியேறினார். சுற்றிலும் இத்தாலியர், கிரேக்கர், போலந்து நாட்டவர் எனப் பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்த மக்கள். இரும்பு உருக்கும் இடங்களிலும் சாயம் செய்யும் இடங்களிலும் கடின வேலையெல்லாம் அவர்களுடையது. நாற்பது வயதுக்குள் கை விளங்காமல் போனவர்களையும், காரணம் தெரியாத வயிற்று வலியால் துடித்தவர்களையும் அந்த அம்மையார் அண்டை வீட்டுக்காரராகவே பார்த்தார். ஆய்வுக் கூடத்தில் கண்ணாடிக் குழாய்களோடு பழகியவருக்கு, தெருவில் நடமாடும் நோய்கள் வேறு ஒரு பாடத்தைக் கற்றுக் கொடுத்தன.

1908ஆம் ஆண்டில் இல்லினாய்ஸ் மாநில ஆளுநர் டெனீன், தொழில் நோய்களைப் பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தார். அமெரிக்க மாநிலம் ஒன்று இப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. 1910இல் நடந்த ஆய்வுக்கு ஹாமில்டன் தலைமை ஏற்றார். ஈயம் அவருடைய தனிப் பொறுப்பாயிற்று.

ஈயத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? அன்றைய தொழில்களில் மிகப் பரவலாகப் பயன்பட்ட நச்சு அதுதான். வெள்ளைச் சாயம், மின்கலம், அச்செழுத்து, பீங்கான் மெருகு, குழாய் இணைப்பு ஆகிய எல்லாவற்றிலும் ஈயம் இருந்தது. அது உடனே கொல்வதில்லை. முதலில் முகம் வெளுக்கும். பசி குன்றும். குடலைப் பிழியும் வயிற்று வலி வரும். ஈறுகளின் ஓரத்தில் கருநீலக் கோடு தோன்றும். பிறகு மணிக்கட்டு தளர்ந்து கை தொங்கிப் போகும். சிலருக்கு மூளை தாக்கப்பட்டு வலிப்பு வரும். ஈய வேலை செய்த பெண்களுக்குக் கருச்சிதைவும் நேர்ந்தது. மெதுவாக வருவதனால், இது வேலையினால் வந்தது என்று நோயாளிக்கே தோன்றாமல் போய்விடும்.

நேயர்களே, அரசாங்கம் ஆய்வு நடத்தச் சொன்னதே தவிர, எந்தெந்த ஆலையில் ஈயம் உண்டு என்ற பட்டியலைக் கொடுக்கவில்லை. கொடுக்க அதனிடம் பட்டியலும் இல்லை. ஆகவே ஹாமில்டன் ஆலையிலிருந்து தொடங்காமல் நோயாளியிலிருந்து தொடங்கினார். மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டினார். ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்களையும், மருந்துக் கடைக்காரர்களையும், பாதிரியார்களையும், தொழிற்சங்கத் தலைவர்களையும் போய்க் கேட்டார். நோயாளியின் பெயர் கிடைத்தால் வீட்டைத் தேடிப் போனார். வீட்டிலிருந்து ஆலைக்கு வழி கிடைத்தது. கால் தடத்தைப் பார்த்து விலங்கைத் தேடிப் போகும் வேடனைப் போல, அவர் நோயின் தடத்தைப் பார்த்து நஞ்சைத் தேடிப் போனார்.

இந்த முறைக்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. மருத்துவமனை ஒன்றில் போலந்து நாட்டுத் தொழிலாளி ஒருவர் கடும் வயிற்று வலியோடும் தொங்கிப் போன கைகளோடும் இருப்பதை அவர் அறிந்தார். குளியல் தொட்டிகளுக்கு எனாமல் பூசுவது அவருடைய தொழில். எனாமல் பூச்சில் ஈயம் இருக்கும் என்று ஹாமில்டன் அதுவரை கேள்விப்பட்டதில்லை. ஆலைக்குச் சென்றார். நிர்வாகி மரியாதையாக வரவேற்று வேலை நடக்கும் இடத்தைக் காட்டினார். அங்கே ஆபத்தாக எதுவும் தென்படவில்லை. குழப்பத்தோடு மீண்டும் தொழிலாளியிடம் போனார். அவர் சொன்ன பதில்: "நீங்கள் பார்த்தது எனாமல் பூசும் இடமே அல்ல."

உண்மையான எனாமல் அறையில் நடந்தது வேறு. உலையிலிருந்து நெருப்பாய்த் தகிக்கும் இரும்புத் தொட்டி வெளியே வரும். தொழிலாளி நீண்ட கைப்பிடியுள்ள சல்லடையால் எனாமல் பொடியை அதன்மேல் தூவுவார். பொடி சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டாதது புகைபோல் எழும்பும். உலை வெப்பத்தில் வாயைத் திறந்து மூச்சு வாங்கும் தொழிலாளி அதையே சுவாசிப்பார். அந்தப் பொடியைச் சோதித்தபோது, கரையக்கூடிய ஈயம் நூற்றுக்கு இருபது பங்கு வரை இருந்தது தெரிய வந்தது.

இங்கே ஒரு கருத்தை நாம் நன்றாகக் கவனிக்க வேண்டும். ஈய நோய்க்குக் காரணம் தொழிலாளியின் அழுக்குக் கைகள்தான் என்று முதலாளிகள் சொல்லி வந்தார்கள். "கை கழுவாமல் சாப்பிடுகிறான், நோய் வருகிறது" என்பது அவர்கள் வாதம். அப்படியானால் குற்றம் தொழிலாளியுடையது, ஆலைக்குப் பொறுப்பில்லை. ஹாமில்டன் அறைக்கு அறை நடந்து கண்டது வேறு உண்மை. நகத்தைச் சுரண்டிக் கழுவினாலும், மூச்சு விடாமல் யாரும் வேலை செய்ய முடியாது. ஆபத்து பெரும்பாலும் காற்றில் மிதக்கும் தூசியிலும் புகையிலும் இருந்தது. ஆகவே பரிகாரமும் ஆலையில்தான் இருந்தது: தூசி எழும் இயந்திரத்தை மூடுங்கள்; பொடியை நனைத்துக் கையாளுங்கள்; புகையை உறிஞ்சி வெளியேற்றுங்கள். இன்றைக்குத் தொழிலகச் சுகாதாரத்தின் அரிச்சுவடியாக இருக்கும் பாடம் இதுதான்.

அவர் கணக்கில் மிகக் கண்டிப்பானவர். ஒருவருடைய கை தொங்கியிருப்பதைக் கண்டதும் ஈய நோய் என்று எழுதிவிட மாட்டார். மருத்துவரின் சான்றோ, ஈறுகளில் நீலக் கோடு போன்ற தெளிவான அடையாளமோ வேண்டும் என்பார். சந்தேகமானவற்றை ஒதுக்கி விடுவார். எதிர்த்துப் பேச நினைப்பவர் கண்ணுக்கு ஓர் ஓட்டையும் தெரியக்கூடாது என்பதே அதன் காரணம்.

வெள்ளை ஈயம் தயாரித்த ஒரு பெரிய கம்பெனியின் உயர் அதிகாரி எட்வர்ட் கார்னிஷ். அவருடைய ஆலைத் தொழிலாளர்கள் நஞ்சுண்டு நோயுறுகிறார்கள் என்று ஹாமில்டன் சொன்னபோது அவர் கோபப்பட்டார். ஆயினும், "நிரூபித்துக் காட்டினால் திருத்துகிறேன்" என்றார். அம்மையார் சென்று, மருத்துவமனையில் சேர்க்கப்பட வேண்டிய அளவுக்கு நோயுற்ற 22 பேரின் விவரங்களைக் கொண்டு வந்து வைத்தார். கார்னிஷ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தூசியைத் தடுக்க ஏற்பாடு செய்தார். தொழிலாளர்களைப் பரிசோதிக்க மருத்துவர்களை நியமித்தார். அப்போது அவரைக் கட்டாயப்படுத்தச் சட்டம் எதுவும் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். ஆனால் எல்லா முதலாளிகளும் கார்னிஷ் அல்லர் என்பதும் ஹாமில்டனுக்குத் தெரியும். ஆய்வின் பயனாக 1911இல் இல்லினாய்ஸ் மாநிலம் தொழில் நோய்ச் சட்டம் ஒன்றை இயற்றியது. ஈயம் முதலிய நச்சுப் பொருள்களைக் கையாளும் தொழிலாளர்களுக்கு மாதந்தோறும் மருத்துவப் பரிசோதனை கட்டாயமாயிற்று. கண்ட நோயை அரசாங்கத்துக்கு அறிவிப்பதும் கட்டாயமாயிற்று.

இதற்கிடையே, 1910இல் பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் தொழில் விபத்துகளையும் நோய்களையும் பற்றிய அனைத்துலக மாநாடு நடந்தது. அங்கே அமெரிக்கர்களிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். ஈய நோய் எத்தனை பேருக்கு? சட்டம் என்ன? இழப்பீடு எவ்வளவு? எதற்கும் பதில் இல்லை. அமெரிக்காவில் தொழில் சுகாதாரம் என்பதே இல்லை என்று பெல்ஜிய மருத்துவர் ஒருவர் எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் அமெரிக்க மத்திய அரசின் தொழில் ஆணையர் சார்ல்ஸ் நீல் ஒருவர். இல்லினாய்ஸில் செய்ததை நாடு முழுவதற்கும் செய்ய முடியுமா என்று அவர் ஹாமில்டனைக் கேட்டார்.

அந்த உத்தியோகத்தின் நிபந்தனைகளைக் கேட்டால் நேயர்களுக்கு வியப்பாக இருக்கும். மாதச் சம்பளம் கிடையாது. அறிக்கை எழுதி முடித்த பிறகு, அரசாங்கம் அதை ஒரு விலை கொடுத்து வாங்கிக்கொள்ளும். ஆலைகள் எங்கே இருக்கின்றன என்பதை அவரே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். உள்ளே நுழைய அதிகாரம் கிடையாது. முதலாளி வேண்டாம் என்றால் திரும்பி வர வேண்டியதுதான். 1911இல் அந்த வேலையை ஏற்ற ஹாமில்டன், ஆய்வுக் கூடப் பணியை விட்டுவிட்டு ஊர் ஊராகச் சென்றார். வெள்ளை ஈயம், பீங்கான், அச்சுத் தொழில், மின்கலம் என ஒவ்வொரு தொழிலாக அவர் எழுதிய அறிக்கைகளை அரசாங்கம் அச்சிட்டு வெளியிட்டது.

அதிகாரமில்லாத அவர் எப்படி உள்ளே நுழைந்தார்? முதலாளியைப் பகைவராக எண்ணிப் பேசுவதில்லை. "உங்கள் ஆலையில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம்; தெரிந்தால் நீங்கள் பொறுக்கமாட்டீர்கள்" என்ற நம்பிக்கையோடு பேசுவார். கண்டதை முதலில் முதலாளியிடம் நேரில் சொல்லுவார். ஆனால் அறிக்கையில் எழுத வேண்டியதை ஒரு நாளும் குறைத்து எழுதியதில்லை. பேச்சில் இனிமை, எழுத்தில் கண்டிப்பு என்பது அவர் வழி.

முதல் உலகப் போர்க் காலத்தில் வெடிமருந்து ஆலைகளைச் சோதிக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. போர் இரகசியம் என்று ஆலைகளின் இருப்பிடத்தை யாரும் சொல்லவில்லை. அவர் வானத்தைப் பார்த்து ஆலையைக் கண்டுபிடித்தார்! நைட்ரிக் அமிலம் பயன்படும் இடத்தில் மஞ்சளும் செம்மஞ்சளுமான புகை எழும். அந்தப் புகையை நோக்கி நடந்தார். தெருவிலும் கடைகளிலும் முகமும் கையும் மஞ்சள் படிந்த தொழிலாளர்களைப் பார்த்து விசாரித்தார். மக்கள் அவர்களைக் கேனரிப் பறவைகள் என்று அழைத்தார்கள். 1918இல் இண்டியானாவின் பெட்போர்ட் பகுதியில், காற்றழுத்தச் சுத்தியலைப் பிடித்துக் கல் செதுக்குவோரின் விரல்கள் குளிரில் உணர்விழந்து வெளுத்துப் போவதை ஆராய்ந்தார். அதிரும் கருவிகளால் வரும் அந்த நோயைப் பற்றிய முன்னோடி ஆய்வுகளில் அது ஒன்று.

1919இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் அவரைத் துணைப் பேராசிரியராக அழைத்தது. அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பதவி பெற்ற முதல் பெண்மணி அவர்தாம். ஆனால் ஆசிரியர் மன்றத்துக்குள் வரக்கூடாது, பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கக்கூடாது, காற்பந்து விளையாட்டுக்கு ஆசிரியர்களுக்குரிய நுழைவுச் சீட்டுக் கேட்கக்கூடாது என்று மூன்று தடைகள்! அவற்றையும் ஏற்று, பாதி ஆண்டு கற்பித்து, மீதி ஆண்டு ஆலைகளை நாடிச் சென்றார்.

அவருடைய குரல் எப்போதும் வென்றது என்று சொல்ல முடியாது. 1924இல் நியூ ஜெர்சி மாநிலத்தில், பெட்ரோலில் கலப்பதற்கான ஈயக் கூட்டுப் பொருளைத் தயாரித்த இடத்தில் தொழிலாளர்கள் புத்தி பேதலித்து இறந்தார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் வாஷிங்டனில் அரசாங்கம் கூட்டிய மாநாட்டில் ஹாமில்டன் எச்சரித்தார். ஈயம் கலந்த பெட்ரோல் ஆலைக்குள் மட்டும் நிற்கும் நஞ்சன்று. அது வீதியெங்கும் பரவும் என்பது அவர் கவலை. 1926இல் நிபுணர் குழு, அதைத் தடை செய்யப் போதிய ஆதாரமில்லை என்று முடிவு செய்தது. உலகம் முழுவதும் வாகனங்கள் ஈயப் புகையைக் கக்கின. அமெரிக்கா 1970ஆம் ஆண்டுகளில்தான் அதைக் குறைக்கத் தொடங்கியது. உலகில் கடைசியாக அல்ஜீரியா அந்தப் பெட்ரோல் விற்பனையை நிறுத்தியது 2021ஆம் ஆண்டில். எச்சரிக்கைக்கும் பரிகாரத்துக்கும் இடையே 96 ஆண்டுகள்!

அரசாங்கத்துக்கு வேலை செய்யும் நிபுணரின் கஷ்டம் இதுதான். உண்மையைச் சொல்வது அவர் கையில் இருக்கிறது. ஏற்பது அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. பிரிட்டனின் தாமஸ் லெக்கை முன்னரே குறிப்பிட்டோம். சாயத்தில் வெள்ளை ஈயத்தைக் கட்டுப்படுத்தும் 1921ஆம் ஆண்டு அனைத்துலக ஒப்பந்தத்தை ஏற்க அவருடைய அரசாங்கம் மறுத்தபோது, அவர் 1926இல் பதவியைத் துறந்தார். ஹாமில்டனோ பதவி என்று துறப்பதற்கு எதையும் வைத்திருக்கவில்லை. அவர் அடுத்த ஆலைக்கு நடந்தார். 1935இல் ஹார்வர்டிலிருந்து ஓய்வு பெற்றதும், மத்திய அரசின் தொழில் இலாகாவுக்கு ஆலோசகரானார். ஏறத்தாழ எழுபதாவது வயதில், செயற்கைப் பட்டு ஆலைகளில் கார்பன் டைசல்பைடு ஆவி தொழிலாளர்களின் நரம்பையும் மனத்தையும் கெடுப்பதை ஆராய்ந்தார். 1943இல் தம் அனுபவங்களை நூலாக எழுதி வெளியிட்டார்.

1970ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், தம் 101ஆவது வயதில் அவர் காலமானார். அதே ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள், தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் அமெரிக்க அதிபர் நிக்சன் கையெழுத்திட்டார். மத்திய அரசின் சோதனை அதிகாரி ஆலைகளில் நுழைந்து பார்க்கும் அதிகாரத்தை அந்தச் சட்டம் நாடு முழுவதற்கும் வழங்கியது. அறுபது ஆண்டுகளுக்கு முன் முதலாளியின் அனுமதிக்காக வாசலில் காத்திருந்தவர், மூன்று மாத இடைவெளியில் அதைக் காணாமல் போனார்.

நம் நாட்டின் வரலாற்றிலும் இதே பாடம் உண்டு. நீராவிக் கொதிகலன்கள் வெடிக்காமல் காக்க 1892இலேயே சிலாங்கூரில் சட்டம் வந்தது. வெடிப்பது எல்லார் காதிலும் விழும். ஆனால் ஈயம் வெடிப்பதில்லை. அது ஓசையின்றி வேலை செய்வது. ஈய வேலையைப் பற்றிய தனி விதிகள் மலேசியாவில் 1984ஆம் ஆண்டில்தான் வந்தன. அண்டை நாடான சிங்கப்பூரில் ஈயம் போன்ற நச்சுப் பொருள்களைக் கையாள்வோருக்கு மருத்துவப் பரிசோதனையைக் கட்டாயமாக்கிய விதிகள் 1985இல் வந்தன. மலேசியாவின் 1994ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், தொழிலால் வந்த நச்சு நோயைக் கண்டால் அறிவிக்க வேண்டிய கடமையை மருத்துவருக்கும் முதலாளிக்கும் விதித்தது. பார்ப்பதற்குச் சிறிய விதி. ஆனால் கணக்கு தொடங்குவது அங்கேதான்.

கணக்கு இல்லாத நோய்க்குச் சட்டம் வராது. சட்டம் வந்த பின்னும், கணக்குக் கொடுக்க ஆள் இல்லாவிட்டால் அது ஏட்டுச் சுரைக்காய்தான். ஹாமில்டன் பெரிய மருத்துவ மேதை. ஆயினும், எனாமல் அறை எங்கே இருக்கிறது என்பதை அவருக்குச் சொன்னவர் கை தொங்கிப் போன ஒரு தொழிலாளி. நிபுணருக்கு நஞ்சின் பெயர் தெரியும். அது எந்த அறையில், எந்த நேரத்தில் எழும்புகிறது என்பது அங்கே நின்று வேலை செய்பவருக்குத்தான் தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் உண்மை முழுமை பெறும். ஆகவே, சோதனை அதிகாரி கேட்கும்போது கண்டதைக் கண்டபடி சொல்லுங்கள். மருத்துவரிடம் போகும்போது, அவர் கேட்க மறந்தாலும், நீங்கள் செய்யும் தொழில் என்ன என்பதை மறக்காமல் சொல்லுங்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம். உடல் இருந்தால்தான் உழைப்பும் ஊதியமும்.